உப்பளத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர்

தாராவியில் கரீம் பாட்சாவின் தகரப் பட்டறைக்கு வேலை கொடுக்க வருகிறவர்கள், முதலில் அவருடைய தங்கை சைனப்பின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரொட்டி அச்சு செய்யச் சொல்லி வந்த பேக்கரிக்காரரிடம், ரொட்டிக்குள்ளே அத்தனை ஓட்டை எப்படி வருகிறது என்று கேட்டாள். புகைபோக்கி கேட்டு வந்த ஓட்டல்காரரிடம், புகை எதற்காக மேலேயே போக வேண்டும், பக்கவாட்டில் போனால் யார் தடுக்கிறார்கள் என்று கேட்டாள். பதில் தெரியாதவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்கள், கரீம் பாட்சா டீ வாங்கிக் கொடுக்க வேண்டிய அளவுக்கு நேரம் உட்கார்ந்துவிடுவார்கள்.

"அவருக்கு வேண்டியது அச்சும்மா. பரீட்சை இல்லை" என்பார் கரீம் பாட்சா.

சைனப் மேலப்பாளையத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பம்பாய் வந்தாள். கணவர் முகம்மது ஹனீப் குழாய் பொருத்துகிற தொழிலாளி. எண்பத்தொன்றில் அவர் சவூதிக்குப் போனார். குழந்தை இல்லை. அதைப் பற்றி மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் சைனப் பதில் சொன்னதில்லை. பகல் முழுக்க அறைக்குள் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் அண்ணனின் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஈயம் பற்றவைக்கிற ஆள் ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்த சமயம் அது. ஒரு நாள் அவளே பற்றவைக்கும் கோலை எடுத்துச் சூடு காட்டி, ஒரு டப்பாவில் மூட்டு விட்ட இடத்தை அடைத்தாள். கரீம் பாட்சா அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை. அதன் பிறகு அந்த இடம் அவளுடையதாகிவிட்டது.

ஹனீப் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் அப்படி ஒரு கேசட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டார்கள்.

"சைனப், ஒனக்கு ஒரு அதிசயம் சொல்லுதேன். இங்கன ஆறு கெடையாது, கொளம் கெடையாது. நாங்க குடிக்கது கடலைத்தான். கடல்தண்ணிய உள்ள விட்டு ஆவியாக்கி, அந்த ஆவியத் திருப்பித் தண்ணியாக்கி ஊருக்கே அனுப்புதாங்க. நான் இப்ப வேலை பாக்கதும் அங்கதான். ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணிக்கு ருசியே இல்லை. வாயில ஊத்துனா நாக்குக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

மேற்கொண்டு அவர் உடம்பு, சம்பளம், கூட இருக்கிற ஆட்கள் என்று பேசிக்கொண்டே போனார். சைனப் கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தையே மறுபடி கேட்டாள். நாக்குக்கு ஒன்றுமே தெரியாத தண்ணீர் எப்படி இருக்கும்? அவளுக்குத் தெரிந்த தண்ணீருக்கெல்லாம் ஒரு ருசி இருந்தது. தெருக்குழாயில் துரு. லாரித் தண்ணீரில் டீசல். பட்டறைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் உப்பு. புருஷன் தினமும் குடிக்கிற தண்ணீர் என்னவென்று கூடத் தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் மாஹிம் கரைக்குப் போய் ஒரு டின் கடல்நீர் கொண்டுவந்தாள். துணியில் வடிகட்டி, கெட்டிலில் ஊற்றி ஸ்டவ்வில் வைத்தாள். கெட்டிலின் மூக்கு வழியாக வந்த ஆவிக்கு எதிரே ஒரு எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்தாள். தட்டில் திரண்ட துளிகள் வழிந்து தம்ளரில் விழுந்தன. ஆறவைத்துக் குடித்தாள். உப்பு இல்லை. துருவும் இல்லை. எதுவுமே இல்லை. வெறும் ஈரம்தான் தொண்டைக்குள் இறங்கியது. அவர் சொன்னது இதைத்தானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

"அரைத் தம்ளர் தண்ணிக்கு இவ்வளவு மண்ணெண்ணெய எரிச்சியா?" என்றார் கரீம் பாட்சா.

அது நியாயமான கேள்வி. சைனப் அதற்கும் பதில் தேடினாள். பட்டறையின் தகரக் கூரையில் நண்பகலில் யாராலும் கை வைக்க முடியாது. அந்தச் சூடு ஒருவருக்கும் பயன்படாமல் வீணாகத்தானே போகிறது? தகரத்தில் ஒரு தட்டையான தட்டு செய்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்தாள். உடைத்தெடுத்த ஜன்னல் ஒன்றின் கண்ணாடியை அதன்மேல் சாய்வாக வைத்தாள். கண்ணாடியின் உட்புறம் வழிகிற துளிகளைப் பிடிக்க, அடியில் ஒரு சின்ன வாய்க்கால் பற்றவைத்தாள். காலையில் கடல்நீரை ஊற்றிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தால், சாயங்காலம் ஒரு தம்ளர் நிறைந்திருக்கும். தட்டின் அடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். அந்தத் தம்ளர் தண்ணீரை அவள் தினமும் குடித்தாள். கரீம் பாட்சா ஒரு நாள் ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம குழாத் தண்ணியே தேவலை" என்று வைத்துவிட்டார்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் பிரம்மநாயகம் என்று ஒருவர் பட்டறைக்கு வந்தார். மாட்டுங்காவில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். வீடு செம்பூரில். பூர்வீகம் அம்பாசமுத்திரம். கையில் ஒரு வரைபடம் இருந்தது. பாய் மடித்த அளவில் ஒரு தட்டையான தகரப் பெட்டி வேண்டும், உள்ளே தண்ணீர் வளைந்து வளைந்து ஓடும்படி தடுப்புகள் இருக்க வேண்டும். இரண்டு பட்டறைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது பட்டறையில் செய்து கொடுத்தது ஒழுகியது.

"இது எதுக்கு சார்?" என்று ஆரம்பித்தாள் சைனப்.

"தண்ணி ஓடுததுக்கு."

"நேரா ஓடுனா என்ன?"

"மெதுவா ஓடணும். அப்பத்தான் சூட்டை எடுத்துக்கிடும்."

"எதோட சூட்டை?"

பிரம்மநாயகம் கரீம் பாட்சாவைப் பார்த்தார். "இவங்களுக்குப் பொட்டி செய்யத் தெரியுமா, இல்லை கேள்வி மட்டும்தானா?"

"ரெண்டும் தெரியும் சார். ரெண்டாவதுக்குத்தான் டைம் ஜாஸ்தி ஆகும்" என்றார் கரீம் பாட்சா.

அவர் சிரித்துவிட்டார். பெட்டி எதற்கு என்பதை விளக்க வாயெடுத்தவரின் கண்ணில், கூரைமேல் பளபளத்த கண்ணாடி பட்டது. அது என்னவென்று கேட்டார். சைனப் சொன்னாள். அவர் குடையைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் ஏறினார். தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய்க்காலின் மூட்டை விரலால் தடவினார்.

"இது எதால பத்த வச்சிருக்கிய?"

"ஈயந்தான் சார். வேற எதுல?"

"இந்தத் தண்ணிய நீங்க குடிக்கியளா?"

"தெனமும்."

அவர் முகம் மாறியது. "இனிமே குடிக்காதிய."

"ஏன் சார்? ஈயச்சொம்புல ரசமே வைக்காங்கள்லா?"

"அது வெள்ளீயம். நீங்க பத்த வைக்கதுல பாதி காரீயம். அது விஷம். ஒரேயடியாக் கொல்லாது, கொஞ்சங் கொஞ்சமா உடம்புல சேரும். அதுலயும் இந்த மாதிரி உப்பில்லாத சுத்தமான தண்ணி இருக்கே, அது பசியோட இருக்கத் தண்ணி. எதைத் தொட்டாலும் அதுல கொஞ்சம் கரைச்சு எடுத்துக்கிடும்."

ஏணியின் அடியில் நின்ற கரீம் பாட்சா பதறிப்போனார். சைனப் விரல்விட்டு எண்ணினாள். எத்தனை மாதம் குடித்தாள்! பிரம்மநாயகம் ஒரு புட்டியில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், கல்லூரியில் வேதியியல்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தார். காரீயம் இருந்தது. பயப்படும் அளவு இல்லை, ஆனால் தொடர்ந்து குடிக்கக் கூடாது என்றார்கள். அதைச் சொல்ல அவரே நேரில் வந்தார்.

சைனப் அன்றே கோலைச் சூடாக்கி வாய்க்காலைப் பெயர்த்து எறிந்தாள். பயம் இருந்தது. கூடவே அவளுக்கு ஓர் ஆச்சரியமும் இருந்தது. சுத்தமான தண்ணீருக்குப் பசிக்கும் என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதுமுதல் சாப்பிடுவதற்கு முன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பட்டறையில் மற்றவர்களையும் கழுவவைத்தாள்.

தகரப் பெட்டியை அவள் ஒழுகாமல் செய்து முடித்ததும், அது எங்கே போய் உட்காரப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். பிரம்மநாயகம் மறுக்கவில்லை. அண்ணனும் தங்கையுமாகக் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டிறங்கி, நடந்து கல்லூரிக்குப் போனார்கள். மொட்டை மாடியில் ஒரு சோலார் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் கருநீல வட்டங்கள் வரிசையாக இருந்தன. அதிலிருந்து வந்த இரண்டு ஒயர்கள் ஒரு மீட்டரில் போய் முடிந்தன.

"வெயில் பட்டா இது கரென்ட் தரும்" என்றார் பிரம்மநாயகம். "காலையில இருந்து முள் ஏறிக்கிட்டே வந்தது. இப்பப் பாருங்க."

உச்சி வெயில். முள் இன்னும் மேலே போயிருக்க வேண்டும். ஆனால் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வெயில் கூடுனா கரென்ட் கூடத்தானே சார் செய்யணும்?"

"வெளிச்சம் கூடுனா கூடும். ஆனா கூடவே தகடும் சூடாகுதுல்லா? சூடு ஏற ஏற இதுக்குச் சீக்கு வந்த மாதிரி ஆயிரும். கொறச்சுத்தான் கொடுக்கும்."

சைனப் தகட்டையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெளிச்சம் வேணும், சூடு வேண்டாம்னா எப்படி சார்? ரெண்டும் ஒண்ணாத்தானே வருது?"

"அதுதான் கேள்வி."

மாடியில் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் இருந்தன. அவர் தடுப்பதற்குள் சைனப் ஒரு மக் தண்ணீரை அள்ளித் தகட்டின்மேல் வீசினாள். பிரம்மநாயகம் "ஐயோ, கண்ணாடி!" என்று கத்திவிட்டார். கொதித்த கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டும் விரிசல் விழவில்லை. அது அவளுடைய அதிர்ஷ்டம். மூவரும் மீட்டரைப் பார்த்தார்கள். முள் நடுங்கிவிட்டு மெல்ல மேலே ஏறியது.

"ஏறுது!" என்றார் கரீம் பாட்சா. அதுவரை அவருக்கு இந்த விஷயத்தில் எந்த ஆர்வமும் இருந்ததில்லை.

கண்ணாடியைப் பற்றிக் கண்டித்துவிட்டு, பிரம்மநாயகம் தம் திட்டத்தைச் சொன்னார். தகட்டின் முதுகில் அந்தத் தகரப் பெட்டியைப் பொருத்த வேண்டும். அதற்குள் குளிர்ந்த கடல்நீர் ஓட வேண்டும். கடல்நீர் தகட்டைக் குளிரவைக்கும், தானும் பாதிச் சூடாகிவிடும். அந்த வெந்நீர் கண்ணாடி மூடிய கறுப்புத் தொட்டிக்குப் போனால் சீக்கிரம் ஆவியாகும். தகடு தருகிற கரென்ட், தண்ணீரை ஏற்றுகிற ஒரு சின்ன பம்ப்பையும், ஆவியை நிழலில் இருக்கும் குளிர்ந்த குழாய்க்குத் தள்ளுகிற ஒரு சின்ன ஃபேனையும் ஓட்டும். குழாயில் ஆவி தண்ணீராக இறங்கும்.

"ஒரே வெயில ரெண்டு கூறாப் பிரிக்கிய" என்றாள் சைனப். "வெளிச்சத்துக்கு ஒரு வேலை, சூட்டுக்கு ஒரு வேலை."

"அப்படித்தான்."

"யாருக்கு சார் இந்தத் தண்ணி?"

அவர் தினமும் செம்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர். வடாலா பக்கம் உப்பளங்கள் வழியில் தெரியும். பாத்திகளில் வேலை செய்கிறவர்கள் தலையில் குடத்தோடு வெகுதூரம் நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் ஒரு சொட்டும் இல்லை. அவர்களுக்காகத்தான் என்றார்.

உப்பளத்து முதலாளி ஓர் ஓரத்தில் இடம் கொடுக்கச் சம்மதித்தார். எண்பத்து நாலு நவம்பரில், மழைத்தண்ணீர் வடிந்து உப்பு வேலை தொடங்கியபோது, எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல தண்ணீர் படுகிற இடத்தில் எங்கும் ஈயம் கூடாது என்று சைனப் கண்டிப்பாக இருந்தாள். எவர்சில்வர் வாய்க்காலும் ரப்பர் குழாயும் போட்டாள். பெட்டிக்குள் கடல்நீர் நுழைகிற இடத்தில் மட்டும், ரப்பர் நழுவிவிடும் என்று, ஒரு செப்புக் குழாயைப் பற்றவைத்தாள். பிரம்மநாயகம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார்.

உப்பளத்தில் பேராச்சி என்று ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடி பக்கத்துக்காரி. அங்கேயும் உப்பு வாரினவள், இங்கேயும் அதே வேலை. வடாலாவில் குடியிருந்தாள். காலையில் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வருவாள். மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடும். மெஷினைச் சுற்றி அவள் ஒரு தடவை நடந்து பார்த்தாள்.

"கடத்தண்ணியக் குடிச்சா பித்துப் பிடிச்சிரும்மா. எங்க ஊர்ல சொல்லுவாவ."

"இது கடத்தண்ணி இல்லைக்கா. கடத்தண்ணியோட ஆவி."

"ஆவியா? அது அதவிட மோசம்லா!" என்று இரண்டடி தள்ளி நின்றாள் பேராச்சி.

வெயில் ஏறியதும் பம்ப் முனகத் தொடங்கியது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஒரு மேகம் வந்து மறைத்தபோது முனகல் தணிந்தது. மேகம் விலகியதும் தானாக வேகமெடுத்தது. சைனப்புக்கு அதைப் பார்த்து அலுக்கவில்லை. சூடு அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் தண்ணீரும் அதிகமாக ஓட வேண்டும். யாரும் சொல்லாமலே அது அப்படித்தான் நடந்துகொண்டது.

சாயங்காலம் குடத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. சைனப் முதலில் குடித்தாள். பிறகு பிரம்மநாயகம். பேராச்சி அவர்கள் இருவரின் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு வாய் குடித்தாள்.

"என்னம்மா இது, சப்புனு இருக்கு!"

சொல்லிவிட்டுக் குனிந்து பாத்தியின் வரப்பிலிருந்து ஓர் உப்புக் கல்லை எடுத்தாள். விரலால் நசுக்கி, ஒரு துணுக்கைத் தம்ளரில் போட்டு, ஆட்டிவிட்டுக் குடித்தாள்.

"இப்பச் சரியா இருக்கு."

பிரம்மநாயகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை பாடுபட்டு எடுத்த உப்பை அவள் ஒரு நொடியில் திருப்பிப் போட்டுவிட்டாள். ஆனால் மறுநாள் முதல் உப்பளத்தில் எல்லாரும் அப்படித்தான் குடித்தார்கள்.

ஜனவரி வரை எல்லாம் நன்றாக நடந்தது. பிப்ரவரியில் பேராச்சி பட்டறைக்கே வந்துவிட்டாள். "மெசினு செத்துப்போச்சு. முனகவே மாட்டேங்குது."

போய்ப் பார்த்தார்கள். தொட்டி காய்ந்து உப்பு பாளம் கட்டியிருந்தது. தகட்டின் முதுகில் உப்புநீர் வழிந்து, ஒயர்களின் முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. சைனப் பெட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். செப்புக் குழாயைச் சுற்றித் தகரம் சல்லடையாக இருந்தது. அவள் பற்றவைத்த மூட்டுகள் அப்படியே இருந்தன. நடுவில்தான் தகரம் இல்லை.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். பட்டறையில் அவள் செய்த எதுவும் இதுவரை ஒழுகித் திரும்பி வந்ததில்லை.

பிரம்மநாயகமும் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்ச விஷயந்தான் இது. செம்பும் தகரமும் உப்புத்தண்ணிக்குள்ள ஒண்ணாச் சேந்தா ஒரு பேட்டரி மாதிரி ஆயிரும். தகரம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு அழகா இருக்குன்னு சொன்னேனே தவிர, இது என் மண்டையில ஏறலை."

"பேட்டரின்னா? கரென்ட் வருமா?"

"கொஞ்சம் வரும்."

சைனப் நிமிர்ந்தாள். "அப்போ இந்தப் பொட்டி நமக்குத் தெரியாமலே உள்ளுக்குள்ள கரென்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு?"

அவர் ஆமாம் என்றார். அவள் சல்லடையாகிப்போன தகரத்தை மறுபடி கையில் எடுத்து ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். வருத்தம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பக்கத்துணையாக இப்போது ஓர் ஆச்சரியமும் வந்திருந்தது.

அந்த வாரம் ஊருக்கு வந்து சவூதி திரும்புகிற ஒருவரிடம் அவள் ஒரு கேசட் கொடுத்தனுப்பினாள். அதில் நலம் விசாரித்தது கொஞ்சம்தான். "மச்சான், ஒங்க பிளான்ட்ல கடத்தண்ணி ஓடுத குழா என்ன லோகம்? அது ஏன் ஓட்டையாக மாட்டேங்குது? ஓட்டையானா என்ன செய்வாங்க? நல்லாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. சும்மா தோணுனதச் சொல்லக் கூடாது."

ரம்ஜானுக்கு முன்பு பதில் வந்தது. ஹனீபின் குரலில் ஒரு புதுப் பெருமை இருந்தது. "போர்மன் கிட்டயே கேட்டுட்டேன். தகரத்துக்கு இங்கன வேலையே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்து ஒரு குழா இருக்கு. வெள்ளிக்கும் செம்புக்கும் நடுவுல ஒரு நிறம். கடத்தண்ணி அதை ஒண்ணும் செய்யாது. கப்பல்லயும் அதைத்தான் போடுவாங்களாம்."

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் கரீம் பாட்சா எழுந்துவிட்டார். "அட, அதுக்கென்ன! தாருகானாவுல கப்பலையே உடைச்சு விக்கானே!"

தாருகானா துறைமுகத்தை ஒட்டிய இடம். பழைய கப்பல்களைக் கரைக்கு இழுத்து உடைத்து, ஆணி முதல் நங்கூரம் வரை பிரித்துப் போட்டு விற்பார்கள். அண்ணனும் தங்கையும் துருக் குவியல்களுக்கு நடுவே ஒரு காலை முழுக்கச் சுற்றினார்கள். கடைசியில் ஒரு கொட்டகையின் மூலையில் அந்த நிறத்தில் ஒரு கட்டுக் குழாய் கிடந்தது. கப்பலில் கடல்நீர் ஓடி ஆவியைக் குளிரவைக்கிற இடத்திலிருந்து பிடுங்கியது என்றான் கடைக்காரன். சைனப் ஒரு குழாயைக் கண்ணருகே பிடித்து உள்ளே பார்த்தாள். எத்தனை கடல் இதற்குள் ஓடியிருக்குமோ, ஓர் ஓட்டை இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்கப் பட்டறையில் அவர்கள் இரண்டாவது மெஷினைச் செய்தார்கள். பிரம்மநாயகம் கல்லூரி முடிந்ததும் வந்துவிடுவார். பெட்டி கிடையாது. கப்பல் குழாய்களைத் தகட்டின் முதுகில் நெருக்கமாக அணைத்துக் கட்டினார்கள். கடல்நீர் தொடுவது அந்தக் குழாயையும் ரப்பரையும் மட்டும்தான். தொட்டியைத் தகரத்தில் செய்யாமல், மரச்சட்டத்தில் கறுப்பு ரப்பர் விரித்துச் செய்தார்கள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்த நாட்களும் உண்டு. குழாய்களை இன்னும் நெருக்க வேண்டும் என்பார் அவர். அவ்வளவு நெருக்கினால் வளைக்க முடியாது என்பாள் அவள். ஒரு தடவை அவர் சொன்னபடி வளைத்ததில் குழாய் நசுங்கியது. இன்னொரு தடவை அவள் பிடிவாதமாக விட்ட இடைவெளியில் தகடு சூடாகவே இருந்தது. மீட்டர் முள்தான் கடைசியில் பஞ்சாயத்து செய்தது.

எண்பத்தைந்து நவம்பரில் அது உப்பளத்துக்குப் போனது. முதல் வாரம் தண்ணீரில் ரப்பர் வாடை அடித்தது. பேராச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டினாள். பிறகு வாடை போய்விட்டது. நல்ல வெயிலில் ஒரு குடம் நிறைந்தது. பாத்தியில் நிற்கிற எல்லாருக்கும் அது போதாதுதான். ஆனால் மத்தியானத்துக்கு மேல் நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவருகிற வேலை நின்றது. பம்ப்பின் முனகலை வைத்தே பேராச்சி நேரம் சொன்னாள். முனகல் உச்சத்தில் இருந்தால் சாப்பாட்டு வேளை. இழுத்து இழுத்து முனகினால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பருவம் முழுக்க, மே மாதக் கடைசிவரை மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஓர் ஓட்டை கிடையாது.

ஆனால் கல்லூரியில் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. நீட்டிக்க மாட்டோம் என்றார்கள். சோலார் தகடு திட்டத்தின் சொத்து. அது வேறு ஊருக்குப் போக வேண்டும். முதல் மழைக்கு முன்பு பிரம்மநாயகம் தகட்டைக் கழற்ற வந்தார். ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே, "மெஷின் ஓடுனது ஓடுனதுதான். ஆனா பேப்பர்ல எழுதி முடிச்சு வச்சா யாருக்குத் தெரியப் போவுது" என்றார்.

"கரென்ட் போயிரும். சூடு எங்க சார் போவும்?" என்றாள் சைனப். "அது இங்கனதானே இருக்கு?"

அவள் தொட்டியையும் கண்ணாடியையும் பேராச்சியிடமே விட்டுவிட்டாள். பம்ப் இல்லாததால், பேராச்சி காலையில் வாளியால் கடல்நீரை ஊற்றினாள். முன்பு வந்ததில் பாதிகூட வரவில்லை. மின்சாரம் செய்த வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஆனாலும் அடுத்த பருவத்திலும் பேராச்சி ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

மீதியிருந்த கப்பல் குழாய்களைச் சைனப் சும்மா வைத்திருக்கவில்லை. பிரம்மநாயகத்தின் தெருவில், செம்பூரில், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்ட அங்கே நாள் முழுக்க விறகு அடுப்பில் வெந்நீர் போட்டார்கள். மொட்டை மாடியில் வெயிலிலேயே வெந்நீர் போட்டுத் தருகிறோம் என்று பிரம்மநாயகம் டாக்டரம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். கறுப்புத் தகடு, அதில் அணைத்த குழாய், மேலே கண்ணாடி, உயரத்தில் ஒரு தொட்டி. குடிக்கிற தண்ணீர் இல்லை என்றாலும் மூட்டுகளுக்கு ஈயம் வேண்டாம் என்றாள் சைனப். குழந்தையின் வாய்க்குள் போகாது என்று யாரால் சொல்ல முடியும்?

எண்பத்தேழில், அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒப்பந்தம் முடிந்து ஹனீப் திரும்பி வந்தார். இரண்டு நாள் ஓய்வெடுத்தார். மூன்றாவது நாள் குழாய் முறுக்கும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவளோடு, பிரம்மநாயகம் காத்திருந்த செம்பூர் மாடிக்கு வந்தார். வேலை செய்துகொண்டே சொன்னார்:

"ஒனக்கு ஒண்ணு தெரியுமா சைனப்? ரெண்டு வருஷம் அந்த பிளான்ட்ல நட்டு முறுக்குனேன். அது என்ன மெசினு, எங்கிருந்து தண்ணி வருது, எங்க போவுதுன்னு ஒரு மண்ணும் தெரியாது. நீ கேட்டு அனுப்புனப்புறம்தான் நான் போர்மன் பின்னாலயே அலைஞ்சு கேட்டேன். அவன் சுத்திக் காட்டுனான். அன்னைக்குத்தான் எனக்கு அங்க கொஞ்சம் மனசு ஒட்டுச்சு."

சைனப் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த கையைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

"இந்தத் தொட்டிய எதுக்கு இவ்வளவு உசரத்துல வச்சிருக்க?" என்று அவர் கேட்டார். "பம்ப் இல்லாம வெந்நீ எப்படி மேல ஏறும்?"

"ஏறும் மச்சான்."

"அதான் எப்படின்னு கேக்கேன்."

"சூடு பட்ட தண்ணி லேசாயிரும். லேசானது மேல போவும், பச்சைத்தண்ணி கீழ வரும். அதுபாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும்."

ஹனீப் நம்பாமல் தொட்டிக்கும் குழாய்க்கும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்தார். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. மேல்குழாயில் வைத்த கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அதே நேரம் கீழ்த்தளத்தில் யாரோ குழாயைத் திறந்திருக்க வேண்டும். மாடிப்படி வழியாக ஒரு நர்ஸின் குரல் மலையாளமும் இந்தியுமாக ஏறி வந்தது. தண்ணீர் கொதிக்கிறது, குழந்தைக்கு ஆகாது, பச்சைத்தண்ணீர் எந்தக் குழாயில் வரும் என்று அவள் கேட்டாள்.

பச்சைத்தண்ணீருக்குத் தனிக் குழாய் இழுக்க மூன்று பேருமே மறந்திருந்தார்கள். பிரம்மநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். ஹனீப் ஸ்பானரை எடுத்துக்கொண்டு படியிறங்க, சைனப் வாளியோடு அவர் பின்னால் ஓடினாள்.